தொட்டால்தான் பதியும்

1844ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி வாக்கில், ஐஸ்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் கடலில் செங்குத்தாக நிற்கும் எல்டே என்ற பாறைத் தீவில் மீனவர்கள் சிலர் இறங்கினார்கள். அங்கே அடைகாத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய பறவைகளைத் துரத்திப் பிடித்துக் கொன்றார்கள். கிரேட் ஆக் என்ற இனத்தில் உறுதியாகத் தெரிந்த கடைசி ஜோடி அது. அதே மாதம் 24ஆம் தேதி, லண்டனில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டின் ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ நூலின் முதல் பகுதி வெளிவந்தது. ஒளிப்படங்களோடு விற்பனைக்கு வந்த முதல் நூல் என்று ஒளிப்பட வரலாறு அதைக் குறிக்கிறது.

இடையில் மூன்றே வாரம். ஒளியே படம் வரையும் என்று உலகம் தெரிந்துகொண்ட நேரத்தில், முக்கால் மீட்டர் உயரமும் ஐந்து கிலோ எடையும் கொண்ட, பறக்கத் தெரியாத அந்தக் கடற்பறவை இல்லாமல் போயிற்று. உயிருள்ள கிரேட் ஆக்கின் ஒளிப்படம் ஒன்றுகூடக் கிடையாது. உலகத்து அருங்காட்சியகங்களில் எண்பதுக்குச் சற்றுக் குறைவான பதப்படுத்திய உடல்களும் ஏறத்தாழ 75 முட்டைகளும் இருக்கின்றன. கடைசி ஜோடியின் உள்ளுறுப்புகள் கோபன்ஹேகனில் சாராயம் ஊற்றிய ஜாடிகளில் இருக்கின்றன.

அழிந்துவரும் பறவைகளை மனத்தில் வைத்துப் படைக்கும் கலைஞர்களில் சிலர் இன்று கேமராவைக் கீழே வைத்துவிட்டு, ஒளிப்படத்தின் அந்தத் தொடக்க காலத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். லென்ஸ் இல்லை, நெகட்டிவ் இல்லை. ஒளிபட்டால் மாறும் ரசாயனம் பூசிய காகிதம் இருக்கிறது, அதன்மேல் ஒரு பொருள் இருக்கிறது. முதலில் இது வீம்பாகத் தோன்றலாம். கால் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் பறவையின் கண்ணிமையைக்கூடக் காட்டும் லென்ஸ்கள் கையில் இருக்கும்போது, வெறும் நிழலுக்குத் திரும்புவதால் என்ன கிடைக்கும்? இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன என்பது என் துணிபு. ஒன்று, பொருளின் மெய்யான அளவு. மற்றொன்று, அந்தப் பொருள் இங்கே, இந்தக் காகிதத்தின்மேல் இருந்தது என்பதற்கான சாட்சியம். இந்த இரண்டாவதில்தான் இந்தக் கலையின் பெருமையும் சங்கடமும் சேர்ந்தே இருக்கின்றன. பொருள் பக்கத்தில் வராமல் இந்தப் படம் உண்டாகாது. அழிந்துவரும் பறவையோ, நாம் பக்கத்தில் போகக்கூடாத உயிர்.

முறை பழையது. 1802இலேயே தாமஸ் வெட்ஜ்வுட்டும் ஹம்ஃப்ரி டேவியும் வெள்ளி நைட்ரேட் பூசிய காகிதத்தில் இலைகளையும் பூச்சிகளின் சிறகுகளையும் வைத்து நிழல் எடுத்ததைப் பற்றி எழுதினார்கள். படம் வந்தது, அதை நிறுத்திவைக்கத் தெரியவில்லை. பார்ப்பதற்கு வெளிச்சத்தில் எடுத்தால் அந்த வெளிச்சமே மீதிக் காகிதத்தையும் கறுக்க வைத்துவிடும். 1830களில் டால்பட் உப்புக் கரைசலால் ஓரளவு நிறுத்தினார். ஜான் ஹெர்ஷல் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ என்ற ரசாயனத்தைக் காட்டினார். 1842இல் அதே ஹெர்ஷல் வெள்ளியை விட்டுவிட்டு இரும்பு உப்புகளுக்குப் போனார். அப்படிப் பிறந்ததுதான் சயனோடைப். பின்னாளில் கட்டட வரைபடங்களை நீலத்தில் படியெடுக்கப் பல பதிற்றாண்டுகள் பயன்பட்ட முறையும் இதுதான்.

ஒரு கோழி இறகை வைத்துச் செய்து பார்த்தால் இதன் இயல்பு நன்றாகப் புரியும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் கரைசலையும் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலையும் சம அளவில் கலந்து, கெட்டியான காகிதத்தில் தூரிகையால் பூசி இருட்டில் காயவிட வேண்டும். காகிதம் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். அதன்மேல் இறகை வைத்து, கண்ணாடி வைத்து அழுத்தி, வெயிலில் வைக்க வேண்டும். நம் ஊர் உச்சி வெயிலுக்குப் பத்து நிமிடமே அதிகம். திறந்திருந்த இடம் முதலில் நீலமாகி, பிறகு சாம்பலும் செம்பும் கலந்தாற்போல் மங்கும். அப்போது எடுத்துத் தண்ணீரில் அலசினால் ஒளிபடாத இடத்து மருந்து மஞ்சளாகக் கரைந்து ஓடிவிடும். ஒளிபட்ட இடம் ஆழ்ந்த நீலமாக நிற்கும். நீலத்துக்கு நடுவில் வெள்ளையாக இறகு.

உற்றுப் பார்த்தால் அந்த வெள்ளை ஒரே வெள்ளை இல்லை. நடுத்தண்டு ஒளியைச் சுத்தமாக மறைத்துவிடுவதால் கோடு கிழித்தாற்போல் இருக்கிறது. இழைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிப் படிந்திருக்கும் விரிபகுதி வெண்மையாக இருக்கிறது. எங்கோ கொக்கி விட்டுப்போன இடத்தில் ஊசிமுனை அகலத்துக்கு நீலக் கீறல் விழுந்திருக்கிறது. அடிப்பகுதியில் பஞ்சுபோல் இருக்கும் இழைகள் தனித்தனியாக, வெளிர்நீலத்தில், எண்ணிவிடலாம்போலத் தெரிகின்றன. கண்ணாடி சரியாக அழுந்தாத நுனியில் மட்டும் விளிம்பு கலங்கியிருக்கிறது. இறகு காகிதத்திலிருந்து கொஞ்சம் எழும்பியிருந்த இடம் அது. தொட்ட இடத்தில் கூர்மை, விலகிய இடத்தில் கலக்கம். கேமராவில் கூர்மை என்பது லென்ஸைத் திருகி வரவழைப்பது. இங்கே அது நெருக்கத்தின் அளவுகோல். இன்னொன்று: வெள்ளைக்கோழியின் இறகானாலும் கருங்கோழியின் இறகானாலும் படத்தில் இரண்டும் வெள்ளைதான். பறவைக்கு நாம் முதலில் பார்க்கும் நிறத்தை இந்த முறை கண்டுகொள்வதே இல்லை.

சயனோடைப்பை நூலாக்கிய முதல் ஆள் அன்னா அட்கின்ஸ். 1799இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். பிறந்த சில காலத்திலேயே தாயை இழந்து, அறிவியலாளரான தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரனிடம் வளர்ந்தவர். தந்தை மொழிபெயர்த்த லாமார்க்கின் சிப்பிகள் பற்றிய நூலுக்கு இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஓவியங்கள் வரைந்து கொடுத்தவர். ஹெர்ஷல் குடும்ப நண்பர். அவர் சயனோடைப்பைக் கண்டுபிடித்த மறு ஆண்டே, 1843இல், அட்கின்ஸ் கடற்பாசிகளின் நீலப் படங்களைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். பத்தாண்டுகள் அந்த வேலை நடந்தது. எழுத்துப் பக்கங்களைக்கூட அச்சுக்குக் கொடுக்காமல், கையால் எழுதிச் சயனோடைப்பாகவே எடுத்தார். முன்னுரையில் வெறுமனே இரண்டு எழுத்தாகக் கையெழுத்திட்டிருந்ததால், அந்தப் பெண் யாரென்று பிற்காலத்தில் சிலருக்கு விளங்காமலே போயிற்று.

கடற்பாசி அட்கின்ஸைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் இறகுகளையும் எடுத்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இளமையிலிருந்தே உடன்பிறப்புப்போல் பழகிய ஆன் டிக்சனோடு சேர்ந்து 1850களில் செடிகள், பெரணிகள், இறகுகள் கொண்ட தொகுப்புகளை உருவாக்கினார். டிக்சனின் உறவினரான ஹென்றி டிக்சனுக்குப் பரிசாகக் கொடுத்த 1861ஆம் ஆண்டுத் தொகுப்பில் மயிலிறகும் இருக்கிறது. நம் நாட்டுப் பறவையின் இறகு, இங்கிலாந்து வெயில் பட்டு நீலத்தில் பதிந்திருக்கிறது. மயிலுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த பொன்னும் பச்சையும் அதில் அறவே இல்லை. மாறாக, தோகை இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாமல் தளர்ந்து நிற்கும் விதம் தெரிகிறது. நிறத்தின் பகட்டில் நாம் பார்க்கத் தவறும் கட்டுமானம் அது.

அட்கின்ஸின் வீட்டுக்குப் பறவை வேறொரு வழியாகவும் வந்திருந்தது. தந்தை சில்ட்ரன் பிரிட்டிஷ் மியூசியத்தில் விலங்கியல் பிரிவைக் கவனித்தவர். பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் நண்பர். ‘பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ ஓவியத் தொகுதி 1827 முதல் 1838 வரை பிரிட்டனில் அச்சானபோது, ஆடுபான் இடையில் அமெரிக்கா போயிருந்த காலத்தில் செதுக்கு வேலையை மேற்பார்த்தவர் சில்ட்ரன். நன்றிக்கடனாக ஆடுபான் ஒரு பறவைக்கு அவர் பெயரையே வைத்தார். அது புதிய இனமில்லை, மஞ்சள் வார்ப்ளரின் இளம் பறவை என்று பிறகு தெரிந்தது.

ஆடுபானின் பிடிவாதம் ஒன்றே ஒன்று: எந்தப் பறவையும் அதன் மெய்யான அளவில் காகிதத்தில் இருக்க வேண்டும். அதற்காக ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள தாளில் 435 படங்கள் அச்சாயின. பூநாரை அந்தத் தாளுக்கும் பெரிது. அதனால் கழுத்தைத் தரை வரை வளைத்து வரைந்தார். பறவையைச் சுட்டுக் கொன்று, உடல் விறைப்பதற்குள் கம்பியால் பலகையில் நிறுத்தி, பின்னால் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் தாளிலும் போட்டு அளவு பிசகாமல் வரைவது அவர் முறை. அந்த 435 படங்களில் கிரேட் ஆக் இருக்கிறது, பயணப் புறா இருக்கிறது, கரோலினா கிளி இருக்கிறது, லாப்ரடார் வாத்து இருக்கிறது. நான்கும் இன்று இல்லை. கிரேட் ஆக்கை ஆடுபான் உயிரோடு பார்த்ததே இல்லை. பதப்படுத்திய உடலை வைத்துத்தான் வரைந்தார்.

அளவு பிசகாமல் வரைய ஆடுபானுக்குக் கட்டமும் கம்பியும் துப்பாக்கியும் வேண்டியிருந்தன. அட்கின்ஸின் காகிதத்துக்கு அவை எதுவும் தேவைப்படவில்லை. இறகு எவ்வளவோ படமும் அவ்வளவு. ஆனால் ஒரு நிபந்தனை இருவருக்கும் பொது: பறவை கைக்கு வந்தாக வேண்டும். கிரேட் ஆக்கை முடித்ததும் இந்த நிபந்தனைதான். பல நூற்றாண்டுகள் இறைச்சிக்கும் கொழுப்புக்கும் மெத்தைக்கான இறகுக்கும் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள் என்பது உண்மை. எண்ணிக்கை சுருங்கிய பிறகு வேறொரு பசி தொடங்கியது. அரிதாகிவிட்டது என்று தெரிந்ததும் சேகரிப்பவர்களும் அருங்காட்சியகங்களும் உடலுக்கும் முட்டைக்கும் விலையை ஏற்றினார்கள். எல்டே பாறைக்குப் போன மீனவர்கள் போனது அந்த விலைக்காகத்தான். ‘நம்மிடம் ஒன்று இருக்கட்டும்’ என்ற ஆசை, இருந்த கடைசி இரண்டையும் எடுத்துக்கொண்டது.

இந்தக் கதை தெரிந்த எந்தக் கலைஞரும், அழிந்துவரும் பறவையை வைத்துக் கேமரா இல்லாத படம் எடுக்கப்போகிறேன் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. தொப்பியில் செருகும் இறகுக்காகக் கொக்குகளைக் கொன்று குவித்த வணிகத்தை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் விளைவாக, அமெரிக்காவில் 1918இல் வலசைப் பறவைகள் சட்டம் வந்தது. அதன்படி அங்கே காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றின் உதிர்ந்த இறகைக்கூட அனுமதியின்றி வைத்துக்கொள்ளக் கூடாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கப்பட்ட பறவைகளின் உடற்பாகங்களை வைத்திருப்பதைத் தடுக்கிறது. மயில்தோகைக்கு மட்டும் விலக்கு உண்டு. கோழி இறகை உதாரணமாக எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, அழிந்துவரும் பறவையைத் தொட்டுப் படம் எடுக்க விரும்புபவருக்கு மிஞ்சுவது அருங்காட்சியக அலமாரியில் மல்லாந்து கிடக்கும் பஞ்சடைத்த உடல்கள், அனுமதியோடு கிடைக்கும் மிச்சங்கள், அல்லது பறவையே இல்லாத வெற்றிடம்.

இருபதாம் நூற்றாண்டுக் கலை இந்த முறையை எப்படி எடுத்துக்கொண்டது என்பதை விரைவாகக் கடந்துவிடலாம். கிறிஸ்டியன் ஷாட், மான் ரே, மொஹோலி-நாகி ஆகியோர் முதல் உலகப் போரை அடுத்த சில ஆண்டுகளில் சாவியையும் கம்பியையும் கையையும் வைத்து எடுத்த, போட்டோகிராம் எனப்படும் கேமரா இல்லாத படங்கள் பிரபலம். அவர்களுக்கு வடிவம்தான் முக்கியம். உயிரினம் அவர்கள் கவலையில் இல்லை. உயிர் மறுபடி இந்தக் காகிதத்துக்கு வந்தது நூற்றாண்டின் கடைசியில்தான். இங்கிலாந்தின் சூசன் டெர்ஜஸ் 1990களின் பிற்பாதியில் டெவன் பகுதியின் டா ஆற்றில் இரவு நேரத்தில் பெரிய ஒளிப்படத் தாளை நீருக்கடியில் அமிழ்த்தி, மின்னல் விளக்கை ஒரு கணம் எரியவிட்டு, ஓடும் நீரையே படமாக்கினார். ஆற்றைப் பிடித்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுவராமல், தாளை ஆற்றுக்குக் கொண்டுபோனார். இந்தத் திசைமாற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2010இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ‘ஷேடோ கேட்சர்ஸ்’ என்ற கண்காட்சியில் டெர்ஜஸையும் ஆடம் ஃபஸ் உள்ளிட்ட மற்ற நால்வரையும் ஒன்றாகக் காட்டியபோது, கேமரா இல்லாத ஒளிப்படம் பழம்பொருள் என்ற நிலையிலிருந்து வெளியே வந்தது.

ஆடம் ஃபஸ் ‘மை கோஸ்ட்’ என்ற வரிசையில் பறக்கும் பறவைகளைப் போட்டோகிராமாக எடுத்தவர். தாளுக்கு மிக அருகில் வந்த சிறகின் விளிம்பு கூர்மையாகவும், விலகிய சிறகு புகைபோலவும் பதிகின்றன. கோழி இறகின் நுனியில் பார்த்த அதே விதிதான், இங்கே பறத்தல் என்ற செயலாகத் தெரிகிறது. எந்தச் சிறகு எவ்வளவு தொலைவில் இருந்தது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பறவையை வதைக்காமல் நெருக்கத்தைப் பதிக்க முடியும் என்று காட்டியது இந்த வரிசை. ஆனால் அடைத்த இடத்தில் பறக்க விட்டால்தான் இது நடக்கும். அரிய பறவைக்கு இந்த வழி கிடையாது.

ஆஸ்திரேலியக் கவிஞரும் ஒளிப்படக் கலைஞருமான ஜூடித் நங்கலா கிறிஸ்பின் வேறு பக்கத்திலிருந்து வருகிறார். அவர் எடுப்பது சாலையில் அடிபட்டு இறந்த உயிர்களை: பறவைகள், பல்லிகள், பைம்மாவின விலங்குகள். இறந்த உடலை ஒளிப்படத் தாளின்மேல் கிடத்தி, வெயிலிலும் நிலவொளியிலும் ஒரு நாளுக்கு மேல், சில சமயம் இரண்டு நாள் வரை விட்டுவிடுகிறார். கறுப்பு வெள்ளைக்கான தாள் அவ்வளவு நேரம் ஒளியில் கிடந்தால், டெவலப்பர் இல்லாமலே அதில் இளஞ்சிவப்பும் பழுப்பும் ஊதாவும் எழும். இதற்கு லூமன் பிரிண்ட் என்று பெயர். கிறிஸ்பின் இதோடு ரசாயனத்தையும் கண்ணாடியில் வரையும் முறையையும் கலக்கிறார். உடலிலிருந்து கசியும் ஈரமும் தாளோடு வினைபுரிந்து நிறத்தை மாற்றுகிறது. படத்தில் அந்தப் பறவை விண்மீன்களுக்கு நடுவே எழுந்து போவதுபோல் இருக்கிறது. தலைப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் இருக்கிறது, அது எங்கே போகிறது என்ற செய்தியும் இருக்கிறது.

இந்தப் படங்களை மிகையுணர்ச்சி என்று சிலர் ஒதுக்கக்கூடும். நான் ஒதுக்க மாட்டேன். சாலையோரம் கிடக்கும் ஓர் உடலுக்கு இரண்டு நாள் காவலிருப்பது நாம் பொதுவாக மனிதர்களுக்கு மட்டுமே செய்யும் மரியாதை. அதுவும் அவர் எடுப்பவற்றில் பல, இன்று பரவலாகக் காணப்படும் உயிர்கள். அழிவைப் பற்றிப் பேச அரிய பறவைதான் வேண்டும் என்பதில்லை. பயணப் புறா ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான கோடியில் இருந்தது. கடைசிப் புறா 1914 செப்டம்பர் 1ஆம் தேதி சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது. 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 1970இலிருந்து வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்று கணக்கிட்டது. அந்த இழப்பின் பெரும்பங்கு சிட்டுகள், வார்ப்ளர்கள் போன்று எல்லோருக்கும் பழக்கமான குடும்பங்களில்தான். பக்கத்து வேலியில் உட்காரும் பறவையின் கணக்கு அது.

பறவையையே விட்டுவிட்டு எடுப்பவர்களும் உண்டு. கனடாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்யும் அமாண்டா மார்ச்சண்ட், காலாவதியான ஒளிப்படத் தாளில் பறவைக் கையேடுகளை, அதாவது புத்தகத்தையே வைத்து லூமன் பிரிண்ட் எடுக்கிறார். இறகும் இல்லை, அலகும் இல்லை; புத்தக விளிம்பு மறைத்த இடமும் மறைக்காத இடமும் வண்ணப் பட்டைகளாக நிற்கின்றன. நாளைக்கு ஒரு பறவை கையேட்டில் மட்டும் இருக்கும் என்றால் அதன் நிழல் இப்படித்தான் இருக்கும். தொடக்கூடாததைத் தொடாமல், தொட முடிந்ததை மட்டும் தொட்டு எடுத்த நேர்மை இதில் இருக்கிறது.

இந்தத் துறையில் எனக்கு ஒப்பாத போக்கும் ஒன்று உண்டு. பூச்சாற்றால் எடுக்கும் ஆந்தோடைப் முறையும் ஹைப்போவில் போடாத லூமன் பிரிண்டும் வெளிச்சத்தில் மெல்ல மறைந்துவிடும். படம் மறைவதுபோலப் பறவையும் மறைகிறது என்று இவற்றுக்குப் பொருள் சொல்கிறார்கள். எளிதில் கிடைக்கும் பொருள் இது, அதனாலேயே எனக்கு அதில் ஐயம். பறவைகள் தாமாக மங்கிப் போகவில்லை. காடு வெட்டப்பட்டது, சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டது, வலை விரிக்கப்பட்டது, மருந்து தெளிக்கப்பட்டது. மங்குதல் என்ற உருவகம் செய்தவர்களின் கையை மறைத்துவிடுகிறது. கேமரா இல்லாத படத்தின் பலம் அது நிலைத்து நின்று அளவைச் சொல்வதில்தான் இருக்கிறது. அட்கின்ஸின் மயிலிறகை இன்றும் அளக்கலாம். அலசும்போது காகிதம் சற்றே சுருங்கியிருக்கும், அவ்வளவுதான்.

அளவு ஏன் முக்கியம் என்பதற்குச் சிகாகோவில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே மிச்சிகன் ஏரிக்கரையில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற கண்ணாடிக் கட்டடம் உண்டு. இரவில் வலசை போகும் பறவைகள் அதன் வெளிச்சத்தாலும் கண்ணாடியாலும் ஏமாந்து மோதி விழும். ஃபீல்டு மியூசியத்தின் பறவையியலாளர் டேவிட் வில்லார்ட் 1978இல் தொடங்கி, வலசைக் காலத்தில் அங்கே விழுந்த பறவைகளைப் பொறுக்கிச் சேர்த்து, கால் எலும்பையும் சிறகையும் அளந்து எழுதிவந்தார். அவர் கையால் அளந்த 52 இனங்களைச் சேர்ந்த 70,716 பறவைகளின் கணக்கு 2019இல் ஆய்வாக வந்தது. நான்கு பதிற்றாண்டுகளில் அவற்றின் கீழ்க்கால் எலும்பு 2.4 சதவீதம் குறுகியிருக்கிறது, சிறகு 1.3 சதவீதம் நீண்டிருக்கிறது. புவி சூடாவதோடு ஆய்வாளர்கள் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். லென்ஸ் வழியாக எடுத்த எந்தப் படமும் இந்தச் செய்தியைச் சொல்லியிருக்காது. தொலைவைப் பொறுத்து லென்ஸ் சிட்டைப் பருந்தாக்கும், பருந்தைச் சிட்டாக்கும். ஒரு பறவை எவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு, பறவையைத் தொட்ட பொருள்தான் பதில் சொல்ல முடியும்.

கண்ணாடியில் மோதும் பறவை தன் படத்தைத் தானே எடுத்துவிட்டும் போகிறது. புறா போன்றவற்றின் உடலில் நொறுங்கிப் பொடியாகும் ஒருவகை மென்தூவி உண்டு. மோதும் வேகத்தில் அந்தப் பொடி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் விரிந்த சிறகு, முதன்மை இறகுகள் ஒவ்வொன்றாக, தலை திரும்பிய கோணம், சில நேரம் கண்வளையம்கூடத் தெரியும். மெய்யான அளவில், இடவல மாற்றத்தோடு, ஒரே ஒரு பிரதி. போட்டோகிராமின் இலக்கணம் அத்தனையும் பொருந்துகிறது. எடுத்தவர் மட்டும் இல்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதி இறக்கின்றன என்று 2014ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. 2023 அக்டோபர் 5ஆம் தேதி மெக்கார்மிக் பிளேஸில் ஒரே காலையில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பறவைகள் செத்துக் கிடந்தன. அடுத்த ஆண்டு அந்தக் கண்ணாடிகளில் சிறு புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டினார்கள். சாவு பெருமளவு குறைந்துவிட்டது. செய்ய முடிந்த காரியம்தான் அது. நாற்பது ஆண்டு முன்னாலேயே செய்திருக்கலாம்.

நெருங்காமல் நெருக்கத்தைப் பதிக்க முடியுமா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த சிறந்த விடை கலைக்கூடத்தில் இல்லை. அது ஆந்திரத்துப் புதர்க்காட்டில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டான், அட்கின்ஸ் கடற்பாசிகளைப் பதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தென்னிந்தியப் பறவைகளின் ஓவியத் தொகுதி ஒன்றைச் சென்னையிலிருந்து வெளியிட்டவர். உள்நாட்டு ஓவியர்கள் வரைந்த 50 படங்கள் அதில் உண்டு. அவர் பெயரைத் தாங்கிய ஜெர்டான் கோர்சர் என்ற இரவுப் பறவை 1848இல் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. 1900க்குப் பிறகு யாரும் பார்க்காததால் அழிந்ததாகவே எழுதிவிட்டார்கள். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்தில், உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் ஒருவரின் கையில் ஒன்று சிக்கியது. உலகமே கொண்டாடியது. சிக்கிய அந்தப் பறவை பிழைக்கவில்லை. அதன் உடல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்துக்குப் போயிற்று. 1844க்கும் 1986க்கும் இடையில் கைக்கு வந்த அரிய பறவையின் கதி மாறவில்லை.

அதற்குப் பிறகு அங்கே வேலை செய்த ப. ஜெகநாதனும் உடன் ஆய்வாளர்களும் பறவையைப் பிடிக்கவில்லை. புதர்களுக்கு இடையே பறவை நடந்துபோகக்கூடிய இடைவெளிகளில் தரையைச் சுத்தம் செய்து, சன்னமான மண்ணைப் பட்டையாகப் பரப்பினார்கள். மாலையில் மண்ணைச் சமன்செய்துவிட்டுப் போய்விடுவது, காலையில் வந்து தடங்களைப் படிப்பது. கோர்சருக்குப் பின்விரல் கிடையாது. முன்னோக்கிய மூன்று விரல் மண்ணில் அழுந்தியிருக்கும். அளவெடுத்து, அதே இடத்தில் நடமாடும் மற்றப் பறவைகளின் தடங்களிலிருந்து அதைப் பிரித்தறிந்தார்கள். கூடவே தானியங்கிக் கேமராக்களையும் வைத்தார்கள். 2002இல் ‘ஓரிக்ஸ்’ இதழில் இந்த முறை கட்டுரையாக வந்தது. டெர்ஜஸ் தாளை ஆற்றுக்குக் கொண்டுபோனதுபோல, இங்கே பதிவாகும் பரப்பு பறவை இருக்கும் இடத்துக்குப் போயிருக்கிறது. பறவை தன் வழியில் நடந்து, தொட்டு, பதித்துவிட்டுப் போய்விடுகிறது. அதன் இரவில் யாரும் குறுக்கிடவில்லை.

அந்தத் தடங்களைக் கொண்டு, எந்த அடர்த்தியுள்ள புதர்க்காட்டில் கோர்சர் நடமாடுகிறது, எங்கே நடமாடுவதில்லை என்று தெரிந்துகொண்டார்கள். 2005 வாக்கில் அதே புதர்க்காட்டுக்குள் கால்வாய் தோண்டும் வேலை புகுந்தபோது, அது பறவையின் வாழிடம் என்று காட்ட இந்த அறிவுதான் கையில் இருந்தது. கால்வாயின் பாதையை ஆந்திர அரசு மாற்றியமைத்தது. சென்னைக்குக் குடிக்கக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தைச் சேர்ந்தது அந்தக் கால்வாய்.